பதினைந்து வயதுப் பதக்கமும் அதற்குப் பிறகான ஆண்டுகளும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பளுதூக்குதல் பற்றித் தாங்கள் முன்பு எழுதியதில் மிசோரத்தின் ஜெரமி லால்ரின்னுங்காவை உயர்வாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். 2018-இல் இளையோர் ஒலிம்பிக்கில் தங்கம், 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் என்று அவர் ஏறி வந்ததைப் பார்த்து நாங்களும் பூரித்தோம். ஆனால் டோக்கியோவிலும் அவர் இல்லை, பாரிஸிலும் இல்லை. "சின்ன வயதில் மின்னினார், அவ்வளவுதான்" என்று எங்கள் பயிற்சிக்கூடத்துப் பையன்களே பேசிக்கொள்கிறார்கள். அதே வயதுடைய இந்தோனேசிய வீரர் ஒருவர் பாரிஸில் தங்கம் வென்றதாகவும் சொல்கிறார்கள். ஜெரமிக்கு என்னதான் நேர்ந்தது?

இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் அக்கா மகனுக்கு 14 வயது. இரண்டு ஆண்டுகளாகப் பளு தூக்குகிறான். மாநில அளவில் இன்னும் பதக்கம் வரவில்லை என்பதால் மாமா நிறுத்திவிடச் சொல்கிறார். உயரம் வளராது என்று பாட்டி பயப்படுகிறார். அடுத்த போட்டிக்கு இரண்டு கிலோ குறைத்துக் கீழ்ப்பிரிவில் இறங்கினால் பதக்கம் கிடைக்கும் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வாசகர் ஒருவர், வேலூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பளுதூக்கும் ஒருவனின் வளர்ச்சி, பெரும்பாலும் யாரும் கவனிக்காத பதினாறு முதல் இருபத்தொன்று வரையிலான வயதில் நடக்கிறது. அந்த ஆண்டுகளில் அவன் உடல் எவ்வளவு கனக்கிறது, கால்களில் எவ்வளவு வலு சேர்கிறது, பக்கத்து மேடையில் யார் நின்று தூக்குகிறார் என்பவைதாம் அவன் எங்கே போய்ச் சேர்வான் என்பதைத் தீர்மானிக்கின்றன. பதினைந்து வயதில் கழுத்தில் விழும் பதக்கம், தொடக்கம் சரியாக அமைந்தது என்பதற்குச் சான்று. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

ஜெரமியின் தொடக்கம் உண்மையிலேயே மிகச் சரியாக அமைந்தது. அவர் ஐஸ்வாலில் 2002 அக்டோபரில் பிறந்தவர். தந்தை குத்துச்சண்டை வீரராக இருந்தவர், மகனும் முதலில் அதைத்தான் பழகினார். பிறகு பளுதூக்குதலுக்கு வந்தபோது அவர் கையில் முதலில் கொடுக்கப்பட்டது இரும்புத் தண்டு இல்லை, மூங்கில் கழி. கனமே இல்லாத நீண்ட மூங்கிலைத் தலைக்கு மேல் நிலையாக நிறுத்துவது, கனத்தோடு நிறுத்துவதைவிடக் கடினம் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். சமநிலை முதலில், கிலோ பிறகு என்ற அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அங்கிருந்து புனேயிலுள்ள ராணுவ விளையாட்டுக் கழகத்தின் சிறுவர் பிரிவுக்குப் போனார். 2016-இல் பினாங்கில் நடந்த உலக இளையோர் போட்டியில் 56 கிலோ பிரிவில் வெள்ளி வென்றார். 2018 அக்டோபரில் பியூனஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்கில் 62 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 124, கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் என இரு கட்டமாகத் தூக்குவது) 150, இரண்டும் சேர்ந்து மொத்தம் 274 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். இளையோர் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. அவருக்கு அப்போது பதினாறு வயது நிறையச் சில வாரங்கள் இருந்தன.

அதற்கு அடுத்த மாதமே உலகக் கூட்டமைப்பு எடைப்பிரிவுகளை மாற்றி அமைத்தது. 62 கிலோ என்ற பிரிவே இல்லாமற்போய், 61, 67 என்று புதியவை வந்தன. வளரும் பையன் என்பதால் ஜெரமி 67-க்குப் போனார். அங்கும் வேகமாகவே ஏறினார். 2019 டிசம்பரில் கத்தார் கோப்பைப் போட்டியில் 140, 166 என மொத்தம் 306 கிலோ தூக்கியபோது அவருக்கு வயது பதினேழுதான்.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பையன்களின் கேள்விக்கான விடை இவற்றில்தான் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே 67 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சீனாவின் சென் லிஜுன் ஸ்நாட்ச்சில் தூக்கியது 145 கிலோ. பதினேழு வயதில் ஜெரமி தூக்கியதைவிட ஐந்து கிலோதான் அதிகம். ஆனால் கிளீன் அண்ட் ஜெர்க்கில் சென் தூக்கியது 187. ஜெரமியின் 166-க்கும் அதற்கும் 21 கிலோ இடைவெளி. அந்தப் போட்டியில் கொலம்பியாவின் லூயிஸ் மொஸ்கேரா ஸ்நாட்ச்சில் சென் லிஜுனைவிட ஆறு கிலோ முன்னால் இருந்தார். கடைசி முயற்சியில் சென் 187-ஐ ஏற்றி நிறுத்த, மொத்தக் கணக்கில் ஒரே ஒரு கிலோவில் மொஸ்கேரா தங்கத்தை இழந்தார். ஒலிம்பிக் மேடையில் பெரும்பாலும் கிளீன் அண்ட் ஜெர்க்தான் முடிவைச் சொல்கிறது.

ஸ்நாட்ச் என்பது ஒரே வீச்சில் தரையிலிருந்து தலைக்கு மேல் போவது. அதற்கு வேகமும் மூட்டுகளின் நெகிழ்வும் நுட்பமும் வேண்டும். இவை மூன்றும் சிறு வயதிலேயே, உடல் கனப்பதற்கு முன்பே, நல்ல ஆசானிடம் வந்துவிடக்கூடும். கிளீன் அண்ட் ஜெர்க்கில் பாரை, அதாவது பளு மாட்டிய இரும்புத் தண்டை, தோளில் வாங்கி, உட்கார்ந்த நிலையிலிருந்து தொடை வலுவால் எழுந்து, மூச்சுத் தீர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கணத்தில் மறுபடியும் மேலே தள்ள வேண்டும். தொடையிலும் முதுகிலும் அந்த வலு ஆண்டுக்கணக்கில் மெதுவாகச் சேர்வது, வளர்ந்த உடலைக் கேட்பது. அதனால்தான் சிறு வயதில் தொடங்கியவர்கள் பலர் ஸ்நாட்ச்சில் முன்னால் நின்று, இரண்டாம் பாதியில் பின்தங்குவதைப் பார்க்கிறோம். பர்மிங்காமில் ஜெரமி வென்ற நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்நாட்ச்சில் 140 கிலோவோடு காமன்வெல்த் போட்டிச் சாதனை. கிளீன் அண்ட் ஜெர்க்கில் 160. தசைப்பிடிப்பில் துடித்தபடியே தூக்கி, கடைசி முயற்சியான 165-இல் தவறினார். மொத்தம் 300, இரண்டாமிடத்தைவிட ஏழு கிலோ அதிகம். அந்தத் துணிவுக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் மொத்தக் கணக்கு மூன்றாண்டுக்கு முந்தைய அளவைத் தாண்டவில்லை என்பதையும் கண்திறந்து பார்க்க வேண்டும். 2023 மே மாதத்தில் ஜின்ஜூ ஆசியப் போட்டியில் இதுவே முற்றிலும் வெளிப்பட்டது: ஸ்நாட்ச்சில் 141 தூக்கி வெள்ளி வென்றவர், கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சிகளும் தவறி, மொத்தக் கணக்கே இல்லாமல் திரும்பினார்.

இதற்குமேல், அவர் காலடியிலிருந்த பிரிவே மறுபடியும் பறிபோனது. ரியோவில் ஆண்களுக்கு எட்டு எடைப்பிரிவுகள் இருந்தன, டோக்கியோவில் ஏழு, பாரிஸில் ஐந்துதான். பாரிஸில் 61-க்கு அடுத்தது 73; இடையில் 67 இல்லை. பர்மிங்காமில் நாம் கொண்டாடிய அந்தத் தங்கம், பாரிஸுக்குப் போக வழியில்லாத பிரிவில் கிடைத்தது. வளர்ந்த இளைஞன் ஆறு கிலோ இறங்க முடியாது என்பதால் 73-க்கு ஏறினார். ஏறிய இடத்தில் ஏற்கெனவே நின்றிருந்தவர்களைப் பாருங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட இந்தோனேசிய வீரர் ரிஸ்கி ஜுனியான்ஷா. 2003 ஜூனில் பிறந்தவர், ஜெரமியைவிட எட்டு மாதம் இளையவர். அவருடைய தந்தையும் பளுதூக்கியவரே. பாரிஸில் 73 கிலோ பிரிவில் 155, 199 என மொத்தம் 354 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். ஆனால் பாரிஸைவிட, அவர் அங்கே போய்ச் சேர்ந்த விதம்தான் நமக்கு முக்கியம். ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போகலாம். இந்தோனேசியாவில் அதே பிரிவில் ரஹ்மத் எர்வின் அப்துல்லா இருந்தார். டோக்கியோவில் வெண்கலமும், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 201 கிலோ என்ற கிளீன் அண்ட் ஜெர்க் உலக சாதனையோடு தங்கமும் வென்றவர். அவரைத் தாண்டாமல் ரிஸ்கிக்கு வழியே இல்லை. 2024 ஏப்ரலில், புக்கெட்டில் நடந்த கடைசித் தகுதிப் போட்டியில், மொத்தம் 365 கிலோ தூக்கி உலக சாதனை படைத்துத்தான் அந்த இடத்தைப் பெற்றார். உலக சாதனைக்காரரான ரஹ்மத் வீட்டிலிருந்தபடி பாரிஸைப் பார்த்தார். இவர்களுக்கெல்லாம் முன்னால், நான்கு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து பதக்கம் வென்ற எக்கோ யூலி இராவான் அதே நாட்டில் பல ஆண்டுகளாக நின்று காட்டிக்கொண்டிருந்தார்.

நம் பையன்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? தேசியப் போட்டியில் பத்துக் கிலோ இடைவெளியில் வெல்லும் ஒருவனுக்கு, கிளீன் அண்ட் ஜெர்க்கில் இன்னும் பதினைந்து கிலோ ஏன் வேண்டும் என்பதை எந்தப் பயிற்சியாளரும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. 2021-இல் தாஷ்கண்டில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் 73 கிலோ பிரிவில் நம்முடைய அச்சிந்தா ஷூலி 313 கிலோவோடு வெள்ளி வென்றார். கௌரவமான பதக்கம். ஆனால் அதே மேடையில் தங்கம் வென்ற ரிஸ்கி அன்றே 349 தூக்கிவிட்டார். நம் செய்தித்தாள்கள் வெள்ளியை எழுதின. முப்பத்தாறு கிலோவை எழுதவில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அந்த இடைவெளியை அன்றே உரக்கப் பேசியிருந்தால், அடுத்த மூன்றாண்டுப் பயிற்சியைப் பற்றி யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள்.

எனவே ஜெரமி "மின்னி மறைந்தார்" என்று சொல்லாதீர்கள். ஜின்ஜூவில் தவறியபோது அவருக்கு இருபது வயது. ரியோவில் மீராபாய் சானுவுக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று முயற்சிகளும் தவறின. அடுத்த ஆண்டே அனஹைமில் 194 கிலோவோடு உலகச் சாம்பியன் ஆனார், டோக்கியோவில் வெள்ளி வென்றார். ஜெரமிக்கும் அப்படியே நடக்கும் என்று நான் உறுதி கூறவில்லை. எண்கள் அவருக்கு எதிராகவே நிற்கின்றன. ஆனால் பதினைந்து வயதில் நாம் அவர் தோளில் ஏற்றிய எதிர்பார்ப்பு, அவர் தூக்கிய எந்தப் பாரையும்விடக் கனமானது.

இனி உங்கள் அக்கா மகன். பாட்டியின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தகுதியான பயிற்சியாளரின் மேற்பார்வையில் முறையாகப் பளு தூக்கும் பிள்ளைகளுக்கு உயரம் குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை. பளுதூக்குபவர்கள் பலர் குட்டையாக இருப்பதற்குக் காரணம் வேறு. கை கால் குறுகியவர்களுக்குப் பாரைக் கொண்டுபோகும் தூரம் குறைவு, ஆகவே அந்த உடல்வாகு உள்ளவர்கள் இந்த விளையாட்டில் நிலைக்கிறார்கள்.

மாமாவிடம், 14 வயதில் மாநிலப் பதக்கம் இல்லாதது எதையும் காட்டுவதில்லை என்று சொல்லுங்கள். உங்கள் ஊர்க்காரரான சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம், கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கிக் காமன்வெல்த் தங்கம் வென்றபோது அவருக்கு 22 வயது. அந்த வயதுதான் கணக்கு. பையனிடம் எத்தனை கிலோ என்று கேட்பதை விட்டு, முப்பது நாற்பது முறை தூக்கும்போதும் பார் உடலை ஒட்டி ஒரே பாதையில் போகிறதா, ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் (பாரைத் தோளின் முன்புறம் தாங்கி உட்கார்ந்து எழும் பயிற்சியில்) அடிவரை உட்கார்ந்து முதுகு வளையாமல் எழுகிறானா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அவனைவிடச் சற்று அதிகம் தூக்கும் இரண்டு பேர் அதே கூடத்தில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். இல்லையென்றால், இருக்கும் கூடத்துக்கு வாரத்தில் ஒரு நாளாவது அனுப்புங்கள். வேலூரில் அது அரிதான காரியம் இல்லை. பெயர் தெரியாத மாவு டப்பா எதையும் யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ஊக்கமருந்துத் தடையில் சிக்கிய நம் பிள்ளைகளில் சிலர், தாம் உட்கொண்டது என்னவென்றே அறியாதவர்கள்.

கடைசியாக அந்த இரண்டு கிலோ. வளரும் பையனைப் பட்டினி போட்டுக் கீழ்ப்பிரிவில் இறக்கி வாங்கும் பதக்கம், அவன் தொடையில் சேர வேண்டிய வலுவிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுவது. போட்டி நாளன்று வீட்டில் சாப்பிடுவதை எப்போதும்போல் சாப்பிட்டுவிட்டு, எடை பார்க்கும்போது முள் எங்கே நிற்கிறதோ அந்தப் பிரிவிலேயே அவன் இறங்கட்டும். அங்கே ஏழாவதாக வந்தாலும் பரவாயில்லை. ஆறு முயற்சிகளில் எத்தனை சரியாக அமைந்தன என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.