நகை காணோம், தூக்கம் இல்லை, வீட்டுக்குப் போகணும்: டிமென்ஷியா (மறதி நோய்) கேள்வி-பதில்

மாமியாருக்கு 78 வயது, அல்சைமர். வளையலை நான் திருடிவிட்டதாக அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்கிறார். இத்தனை செய்தும் இந்தப் பேரா?

பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கோ ஒளித்துவைக்கிறார், ஒளித்ததே மறந்துவிடுகிறது. பொருள் காணோம் என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். வழக்காடாதீர்கள். “வாங்க அத்தை, சேர்ந்து தேடலாம்” என்று எழுந்துவிடுங்கள். அரிசி டின், தலையணை உறை, பழைய கைப்பையை முதலில் பாருங்கள். தங்கத்தை லாக்கரில் வைத்துவிட்டு, கைக்குக் கவரிங் போதும். அக்கம்பக்கத்தாரிடம் நோயைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். மறைப்பதில்தான் மருமகள்களுக்கு மானம் போகிறது.

நாலு நாளாக அப்பா ராத்திரி முழுக்கக் கத்துகிறார், சுவரில் பூச்சி ஓடுகிறது என்கிறார். தூக்க மாத்திரை தரலாமா?

வேண்டாம். டிமென்ஷியா பெரும்பாலும் மெல்ல மெல்ல முற்றும். நாலே நாளில் ஆள் மாறினால் அது டெலிரியமாக, அதாவது உடல்கோளாறால் வரும் திடீர் மனக்குழப்பமாக இருக்கலாம், இன்றே டாக்டரைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், சோடியம் குறைவு என்று காரணம் பல. வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூடத் தெரியாமல் போகலாம். புதிதாகச் சேர்ந்த மாத்திரை எது? கடையில் கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின் சளி மாத்திரைகூட இதைச் செய்யும். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்றும் கவனியுங்கள். அடிவயிறு உப்பி, சிறுநீர் அடைத்துக்கொண்டு கத்தியவரை ‘மனநோய் முற்றிவிட்டது’ என்று என்னிடம் கூட்டிவந்திருக்கிறார்கள். ட்யூப் போட்டுச் சிறுநீரை எடுத்த பிறகுதான் தூங்கினார்.

மாலையானால் அம்மா “வீட்டுக்குப் போகணும்” என்று வாசலில் நிற்கிறார். இதுதான் வீடு என்றால் கோபம் வருகிறது.

அவர் கேட்பது பிறந்த வீடாக இருக்கலாம். “அங்க யாரெல்லாம் இருப்பாங்கம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நோட்டில் நேரம், அதற்கு முன் நடந்தது, நீங்கள் செய்தது மூன்றையும் ஒரு வாரம் எழுதுங்கள். பசியா, டிவி சத்தமா, இருட்டா என்று பிடிபடும். இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள். அப்புறம் தெருமுனை வரை ஒரு நடை.

ஆவேசத்தை அடக்க டாக்டர் தந்த ரிஸ்பெரிடோன் மாத்திரை ஆபத்தானதாமே, நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மனநோய் மருந்துகளால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-இல் எச்சரித்தது உண்மை. அடிதடி, தாங்கமுடியாத பயம் என்றால் குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்குத் தருவதுண்டு. எதற்காக, எத்தனை வாரம் என்று டாக்டரிடம் கேளுங்கள். டிமென்ஷியாவில் லூயி பாடி என்றொரு வகை உண்டு, அது என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் உடம்பையே இறுக்கிவிடும்.