இரண்டாவது கியர் மட்டும் ஏன் கடிக்கிறது?

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு வாராவாரம் போய்வரும் ஆசிரியை நான். கார் 2013 மாடல், சின்ன பெட்ரோல் வண்டி, 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது மட்டும் ‘கர்ர்’ரென்று சத்தம் வருகிறது, லீவரைப் பிடித்த கையிலும் அதிர்வு தெரிகிறது. காலையில் எடுத்தவுடன் அதிகம். அரை மணி நேரம் ஓடிய பின் குறைந்துவிடுகிறது. ஒரு பட்டறையில் காட்டினேன். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘கியர் பாக்ஸை இறக்கணும், 25,000 ஆகும்’ என்றார்கள். இறக்கித்தான் ஆக வேண்டுமா? அதுவரை மலையில் ஓட்டலாமா?
– ஓர் ஆசிரியை, பொள்ளாச்சி

பதில்: டீச்சர், பாதி பதிலை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். ‘இறக்கும்போது மட்டும்’ என்கிறீர்களே, அந்த ‘மட்டும்’தான் எனக்கு வேண்டியது. கியர் கடிக்கிறது என்று வண்டி வந்தால் நான் கேட்பது மூன்று விஷயம். எல்லா கியருமா, ஒன்று மட்டுமா? ஏற்றும்போதா, இறக்கும்போதா? ஆறிய வண்டியிலா, சூடான வண்டியிலா? இதற்குப் பதில் வராமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பதை இன்னொருவர் நஷ்டத்தில் நான் கற்றுக்கொண்டேன்.

1989-ல் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். வைகாசி முகூர்த்த நேரம். டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவர் வந்தார். எல்லா கியரும் கடிக்கிறது, ரிவர்ஸ் விழவே மாட்டேன் என்கிறது என்றார். மேஸ்திரி ஊருக்குப் போயிருந்தார். நானே பாக்ஸை இறக்கிப் பிரித்துவிட்டேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் மேஸ்திரி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார், கிளட்ச்சை மிதித்தார், கீழே குனிந்து புதிதாகப் போட்டிருந்த தேங்காய்நார் மிதியடியை வெளியே இழுத்துப் போட்டார். அது மடங்கி பெடலுக்கு அடியில் சிக்கியிருந்தது. கடைசி இரண்டு விரற்கடை பெடல் இறங்கவே இல்லை. அவ்வளவுதான் கோளாறு. அந்த அண்ணனுக்கு மூன்று கல்யாண வாடகை போனது. என்னை ஒரு வார்த்தை சொல்லாமல் கூலியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வாங்கியிருக்கக் கூடாது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே முதலில் கிளட்ச். மிதியடியை எடுத்துவிட்டு, சமதளமான, முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்த நிலையில் ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். அப்போதே லீவர் முரண்டு பிடித்தால் கோளாறு கியர் கேபிளிலோ, லீவருக்கு அடியில் உள்ள புஷ்ஷிலோ இருக்கலாம். அது சின்ன வேலை. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சை அடிவரை மிதித்து, ஐந்து எண்ணி, முதல் கியர் போட்டு, கிளட்ச்சை விடாமல் பிரேக்கை மட்டும் மெதுவாக விடுங்கள். வண்டி தானாக நகர்ந்தால் கிளட்ச் முழுதாக ரிலீஸ் ஆகவில்லை. கேபிள் கிளட்ச்சாக இருந்தால் கேபிள் இழுபட்டிருக்கும், டைட் வைத்தால் போதும். ஆயில் கிளட்ச்சாக இருந்தால் பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்துவிட்டுக் கியர் போடுங்கள். அப்போது மட்டும் சுலபமாக விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது மேல் சிலிண்டரோ கீழ் சிலிண்டரோ கசிகிறது. இதற்கெல்லாம் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

உங்கள் வண்டியில் கிளட்ச் மேல் குற்றம் இருக்காது என்றுதான் தோன்றுகிறது. கிளட்ச் கோளாறு ஒரு கியரைத் தேர்ந்தெடுத்துக் கடிக்காது. எல்லாவற்றையும் கடிக்கும், ரிவர்ஸில் முதலில் காட்டும். ஒரு கியர் மட்டும் கடித்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அது என்ன ரிங்? நீங்கள் மூன்றாவதில் வரும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். அதே வேகத்தில் இரண்டாவதுக்கு இறக்கினால் சுமார் 2,400 ஆக வேண்டும். கியரும் ஷாஃப்ட்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றும்போது பல்லோடு பல் கோத்தால் கடிக்கத்தான் செய்யும். அவற்றுக்கு நடுவே கூம்பு வடிவில் ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. நீங்கள் லீவரைத் தள்ளியதும் அது கியரின் கூம்பை உரசிப் பிடித்து வேகத்தைச் சமன் செய்யும். சமமான பிறகுதான் ஸ்லீவ், அதாவது கியரை ஷாஃப்ட்டோடு கோக்கும் பல் வைத்த வளையம், வழுக்கி உள்ளே போகும். வளையத்தின் உட்புறம் நூல் போன்ற மெல்லிய வரிகள் உண்டு. அவைதான் ஆயில் படலத்தை அறுத்துக்கொண்டு போய்ப் பிடிப்பவை. அந்த வரிகள் தேய்ந்துபோனால், காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது பிடி கிடைக்காது. ஆயில் சூடாகி இளகியதும் கொஞ்சம் பிடிக்கும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

ஏன் இரண்டாவது? ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும், ஏறும்போதும் இறங்கும்போதும், மூன்றிலிருந்து இரண்டுக்கு. போக 40, வர 40. வாரம் 80 முறை, வளைவுகளில் மட்டும். கோவை டவுனுக்குள் ஓடும் வண்டியின் இரண்டாவது ரிங்கும் உங்கள் ரிங்கும் ஒரே வயதில்லை.

உறுதி செய்ய ஒரு வழி: டபுள் கிளட்ச். கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்ச்சை விடுங்கள், ஆக்ஸிலேட்டரை லேசாக ஒரு தட்டு, மறுபடி கிளட்ச் மிதித்து இரண்டாவது. ரிங் செய்ய வேண்டிய வேலையை உங்கள் கால் செய்துவிடுகிறது. 1928-ல் அமெரிக்காவில் கேடிலாக் கார்களில் சிங்க்ரோ வருவதற்கு முன் எல்லாரும் இப்படித்தான் ஓட்டினார்கள். வெறும் ரோட்டில் நாலைந்து நாள் பழகுங்கள். இப்படிப் போட்டால் சத்தமே இல்லை என்றால் ரிங்தான். இப்படிப் போட்டும் கடித்தால் ஸ்லீவ் அல்லது அது போய்க் கோக்கும் கியரின் கோர்வைப் பற்கள் மழுங்கிவிட்டன, தள்ளிப்போடக் கூடாது.

இறக்குவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் கியர் ஆயில் பற்றிப் பேச்சே இல்லை, அதனால் மாற்றியதே இல்லையோ என்று கவலைப்படுகிறேன். இன்ஜின் ஆயிலை ஞாபகமாக மாற்றுகிறோம், இதை மறந்துவிடுகிறோம். சின்ன வண்டிக்கு 2 லிட்டர் சுமாருக்குத்தான் பிடிக்கும். வண்டியைச் சமமாகத் தூக்கிவைத்து பக்கவாட்டு போல்ட்டைக் கழற்றினால் ஆயில் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் பக்கம் ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஆயிலை வடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை போல இருந்தால் சாதாரணத் தேய்மானம். ஆயிலை வெயிலில் காட்டினால் தங்கப்பொடி போல மின்னினால் அது ரிங்கின் பித்தளை. கைக்கு அகப்படும் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது. அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

புது ஆயிலில் ஒரு எச்சரிக்கை. டப்பாவில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று போட்டிருக்கும். ஐந்து பெரிய எண், ஆகவே உயர்ந்தது என்று ஊற்றிவிடுகிறார்கள். ஜி.எல்.5 முக்கியமாக லாரி, ஜீப்புகளின் பின் அச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்துக்கானது. அதில் சேர்க்கும் கந்தகக் கூட்டுகள் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும்; வழுக்கலும் அதிகம், ரிங் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும். மேனுவலில் ஜி.எல்.4 75 டபிள்யூ 90 என்று இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். ஆயில் மாற்றி 500 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். சத்தம் பாதியாகக் குறைந்தால் இன்னும் காலம் இருக்கிறது.

குறையவில்லை, பொடியும் மின்னியது என்றால் இறக்கத்தான் வேண்டும். அப்போது ‘ரிங் மாத்தியாச்சு’ என்ற ஒரு வரி பில்லை ஏற்காதீர்கள். ரிங்குக்கும் கியருக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு அளந்து காட்டச் சொல்லுங்கள். பல சின்ன வண்டிகளில் புதிதில் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், 0.5-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவே முடிவு. ஸ்லீவையும் கோர்வைப் பற்களையும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுனி கூராக இல்லாமல் உருண்டிருந்தால் புது ரிங் மட்டும் போட்டுப் பயனில்லை, சில மாதத்தில் சத்தம் திரும்பும். பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் (கிளட்ச் பேரிங் என்பதும் இதுதான்), ஆயில் சீல் பார்த்துவிடுங்கள். தனியாகச் செய்தால் அதே இறக்குகூலி மறுபடி.

அதுவரை மலைக்குப் போகலாம், டபுள் கிளட்ச் கைவந்த பிறகு. வளைவுக்குள் நுழைந்த பின் கியரைத் தேடாதீர்கள். முன்பே, நேர் ரோட்டில், வேகத்தைக் குறைத்து இரண்டாவதைப் போட்டுவிடுங்கள். இறக்கத்தில் கியர் விழாமல் நியூட்ரலில் உருள்வதுதான் ஆபத்து, சத்தம் அல்ல. கடித்தால் அழுத்தித் திணிக்காமல் மூன்றாவதுக்கே திரும்பி, பிரேக்கில் இன்னும் வேகம் குறைத்து மறுபடி போடுங்கள். ஆயில் எப்படி வந்தது என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள் டீச்சர்.

கேள்வி: எல்லா கியரும் நன்றாக விழுகிறது. ரிவர்ஸ் மட்டும் சில நேரம் ‘கர்ர்’ என்கிறது. கியர் பாக்ஸ் போய்விட்டதா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: இல்லை தம்பி. நிறைய வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி அசையாமல் நிற்க வேண்டும், கிளட்ச் மிதித்து மூன்று நொடி பொறுக்க வேண்டும். அப்படியும் கடித்தால் ஒருமுறை முதல் கியருக்குப் போட்டு எடுத்துவிட்டு ரிவர்ஸ் போடு. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட்டை முதல் கியரின் ரிங் நிறுத்திவிடும். இதற்கும் கேட்கவில்லை என்றால், மேலே டீச்சருக்குச் சொன்ன கிளட்ச் சோதனையைச் செய்து பார்.

கேள்வி: நியூட்ரலில் நிற்கும்போது ‘உய்ங்’ என்ற சத்தம். கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. கிளட்ச் பேரிங் மாற்றச் சொல்கிறார்கள்.
– மளிகைக்கடைக்காரர், உடுமலை

பதில்: அவசரப்படாதீங்க. கிளட்ச் பேரிங் போனால் மிதிக்கும்போது கத்தும். மிதித்தால் நிற்கும் சத்தம் பெரும்பாலும் பாக்ஸுக்குள் இருக்கும் இன்புட் ஷாஃப்ட், அதாவது இன்ஜின் சுழற்சியை உள்ளே கொண்டுவரும் தண்டின் பேரிங். முதலில் ஆயில் அளவு பாருங்க. சரியாக இருந்தும் சத்தம் நாளுக்கு நாள் கூடினால் காலம் கடத்தாதீங்க. அந்தப் பேரிங் உடைந்து தூளானால் நல்ல கியர்களையும் அரைத்துவிடும்.