இல்லாததை எப்படி நிரூபிப்பது?

கேள்வி: கணவரைப் பிரிந்து இரண்டு குழந்தைகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறேன். வீட்டு வேலை, வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது என்று கிடைத்ததைச் செய்கிறேன். சம்பளம் கையில் ரொக்கமாகத்தான் வரும். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது என் நிலைமையை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ‘வருமானமும் குடும்ப நிலையும் நிரூபிக்கப்படவில்லை’ என்று நிராகரித்துவிட்டார்கள். வேலை பார்ப்பதையே சொல்லாமல் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவர்கள் அனுப்பிய கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் வரியை வைத்துப் பார்த்தால், உங்களுக்குத் தகுதி இல்லை என்று அவர்கள் சொல்லவே இல்லை. வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது என்றால் வழி குறைவு. காகிதம் போதவில்லை என்றால் காகிதத்தைத் தேடிக் கொடுத்துவிடலாம்.

உங்கள் நான்கு பக்கத்தை அந்த அலுவலர் நம்பவில்லை என்று வருத்தப்படாதீர்கள். அவர் நம்பியிருக்கவும் கூடும். ஆனால் நாளைக்குத் தணிக்கைக்கு வருகிறவர் கோப்பைப் புரட்டி, ‘எதை வைத்து இவருக்குக் கொடுத்தீர்கள்?’ என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும். எந்த நாட்டுத் திட்டமானாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: நீங்கள் யார், எங்கே குடியிருக்கிறீர்கள், உங்கள் குடும்பத்தில் யாரெல்லாம் சேர்த்தி, எவ்வளவு வருகிறது, சேமிப்பும் சொத்தும் என்ன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். கஷ்டத்தை விவரிக்கும் பக்கங்கள் இதில் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது. உங்களுக்கு இடித்திருப்பது ‘யாரெல்லாம்’, ‘எவ்வளவு’ என்ற இரண்டும்தான்.

குடும்பக் கணக்கை முதலில் பார்ப்போம். அண்ணன் வீட்டு முகவரி கொடுத்ததும் அண்ணன் சம்பளமும் உங்கள் கணக்கில் ஏறிவிட்டதா என்பதுதான் கேள்வி. சில திட்டங்கள் ஒரே கூரையைப் பார்க்கும், சில ஒரே அடுப்பைப் பார்க்கும். அமெரிக்காவின் ஸ்நாப் உணவு உதவித் திட்டத்தில், பொதுவாகச் சேர்ந்து பொருள் வாங்கிச் சேர்ந்து சமைப்பவர்கள்தான் ஒரு குடும்பம். அண்ணன் தங்கை ஒரே வீட்டில் இருந்தாலும் சமையல் தனி என்றால் தனிக் குடும்பமாகவே விண்ணப்பிக்கலாம். உங்கள் திட்டத்தின் விதி எது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கேற்ப அண்ணனிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். ‘இன்ன தேதியிலிருந்து என் தங்கை இரு குழந்தைகளோடு என் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார். வாடகை வாங்குவதில்லை. சமையலும் செலவும் தனி.’ இவ்வளவு போதும். பாசமெல்லாம் வேண்டாம், தேதி வேண்டும். உண்மையில் ஒரே சமையல்தான் என்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அதனாலேயே கதவு அடைபட்டுவிடும் என்பதில்லை, கணக்கு வேறு மாதிரி வரும், அவ்வளவுதான்.

அடுத்தது ரொக்கச் சம்பளம். இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, எந்த வீடு, எத்தனை மணி நேரம், கைக்கு வந்தது எவ்வளவு என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். வேலை இல்லாத நாளையும் விடாமல் எழுதுங்கள். அந்தக் காலி வரிகளுக்கும் மதிப்பு உண்டு. ஆறு மாதக் கணக்கை ஒரே நாளில் ஒரே பேனாவில் எழுதிய நோட்டைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், அது வேண்டாம். போன மாதங்களுக்கு வேலை கொடுத்தவர்களிடம் இரண்டு வரிக் கடிதம் கேளுங்கள். சிலர் தங்களுக்கு வரிச் சிக்கல் வருமோ என்று தயங்குவார்கள். வற்புறுத்தி இருக்கிற வேலையையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ‘கேட்டேன், தரவில்லை’ என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் உறுதிமொழியில் எழுதுங்கள். விவரம் தெரிந்த, உங்களோடு ஒரே வீட்டில் இல்லாத ஒருவரிடம் விசாரித்துக்கொள்ளும்படி அலுவலகத்தில் சொல்லுங்கள். பல திட்டங்களில் இதற்கு இடமுண்டு. ஸ்நாப்பில், விண்ணப்பித்தவர் ஒத்துழைத்தும் ஒரு சான்று கிடைக்கவில்லை என்றால் அதைப் பெற அலுவலகமே உதவ வேண்டும் என்பது விதி. ‘மாற்றுச் சான்று எதை ஏற்பீர்கள்?’ என்று நேராகக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

மாற்றுச் சான்று என்பது இன்று நேற்று வந்த சலுகையும் இல்லை. பிரிட்டனில் 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. எழுபது வயதானவர்களுக்கு 1909 ஜனவரி முதல் பணம். அப்போது அயர்லாந்தும் அந்த ஆட்சியின் கீழ்தான். அங்கே அரசு பிறப்புப் பதிவையே 1864-இல்தான் தொடங்கியிருந்தார்கள். எழுபது வயதுக்காரர் யாரிடம் பிறப்புச் சான்று இருக்கும்? 1839 ஜனவரி 6 அன்று இரவு அடித்த பெரும்புயல் நினைவிருக்கிறது என்று பலர் சொன்னார்கள். வயதுக்கு அது சான்றானது. நினைவை மட்டும் நம்பாமல் 1841, 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளையும் தேடிப் பார்த்தார்கள். உங்கள் நோட்டும் அண்ணன் கடிதமும் ஒன்றுக்கொன்று துணையாக நின்றால் அவையும் இப்படித்தான் சான்றாகும்.

உள்ளதில் கடினமானது, கணவர் எதுவும் தருவதில்லை என்று காட்டுவது. வராத பணத்துக்கு ரசீது ஏது? வங்கிக் கணக்கு அறிக்கையைக் கேட்கும் மாதங்களுக்கு முழுதாக, ஒரு பக்கமும் விடாமல் கொடுங்கள். நடுவில் ஒரு பக்கம் இல்லையென்றால் அங்கேதான் கண் போகும். அண்ணன் எப்போதாவது போட்ட பணம் இருந்தால் பக்கத்திலேயே ‘குழந்தையின் மருத்துவச் செலவுக்கு அண்ணன் கொடுத்தது’ என்பதுபோல் குறித்துவிடுங்கள். பிரிந்த தேதியைக் காட்ட நீதிமன்ற மனு, புகார் நகல், பள்ளியில் முகவரி மாற்றிய பதிவு என எது இருந்தாலும் உதவும். பழைய ஆவணங்களில் கணவர் வீட்டுப் பெயரும் புதியவற்றில் வேறு பெயரும் இருந்தால், இரண்டும் நீங்கள்தான் என்று ஓர் உறுதிமொழியும் சேருங்கள். ஒன்று முக்கியம்: கணவரைத் தொடர்புகொண்டால் உங்களுக்கோ குழந்தைகளுக்கோ ஆபத்து என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவரிடம் பணம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனைக்குப் பல இடங்களில் இந்தக் காரணத்துக்காக விலக்கு உண்டு.

வேலையை மறைக்கச் சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் கேட்காதீர்கள். வங்கி, வரி, பிற துறைகளின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. பிறகு தெரியவந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், சில சமயம் வழக்கும் வரும். அது போக, ஒன்றுமே வரவில்லை என்று எழுதினால் ‘பிறகு எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?’ என்றுதான் அடுத்த கேள்வி. சிறிய வருமானத்தை நோட்டோடு காட்டுகிறவரை நம்புவது சுலபம். கூடுதலாகக் கிடைத்த ஒரு மாதத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதபடி, சில மாதங்களின் சராசரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபடி விண்ணப்பிப்பதா, மேல்முறையீடா? நிராகரிப்புக் கடிதத்தில், பெரும்பாலும் பின்பக்கத்தில், கெடு போட்டிருக்கும். பிரிட்டனில் குறைந்த வருமானக்காரர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை முடிவை மறுபரிசீலனை செய்யக் கோர ஒரு மாதம். ஸ்நாப்பில் முறையீட்டுக்கு 90 நாள். உங்களுடையதைப் பார்த்து, கெடு தாண்டாமல் ‘இந்த முடிவை ஏற்கவில்லை, சான்றுகள் பின்னால் வரும்’ என்று ஒரு வரியாவது கொடுத்துவிடுங்கள். மேல்முறையீட்டில் ஜெயித்தால் பொதுவாகப் பழைய விண்ணப்பத் தேதியிலிருந்தே நிலுவை கணக்காகும், புது விண்ணப்பம் என்றால் அன்றிலிருந்துதான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியுமா என்றும் விசாரியுங்கள், பல இடங்களில் முடியும்.

கொடுக்கும்போது நகல்களை மட்டும் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டு வாங்கி வந்துவிடுங்கள். மேலே ஒரு தாளில் என்னென்ன இணைத்திருக்கிறீர்கள் என்று வரிசையாக எழுதி, அதன் இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் அனுப்பினால் ஒப்புகை எண்ணைச் சேமித்து வையுங்கள். உதவி கிடைத்த பிறகு வேலை கூடினாலோ வீடு மாறினாலோ அவர்கள் சொல்லும் கெடுவுக்குள் தெரிவிக்க வேண்டியிருக்கும். அந்தக் கடிதத்துக்கும் முத்திரை வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.