நைட் விஷன் கண்ணாடி போட்டால் ஹெலிகாப்டர் விமானிக்கு இரவும் பகல் மாதிரி தெரியுமா?

தெரியாது. எனக்குக் கோலாலம்பூர் செந்தூலில் வீடு, பக்கத்திலுள்ள சுபாங்கில் ஹெலிகாப்டர் மின்னணுப் பிரிவில் வேலை. விமானியறை விளக்குகளை இந்தக் கண்ணாடிக்கு ஏற்றபடி மாற்றிச் சோதிப்பதும் என் வேலைதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நிலா, நட்சத்திரம் என்று கிடைக்கிற சொற்ப வெளிச்சத்தை எலெக்ட்ரான்களாக மாற்றி, பல ஆயிரம் மடங்கு பெருக்கி, பச்சையாகவோ வெள்ளையாகவோ ஒரு சின்னத் திரையில் காட்டும் கருவி இது. நம் இரு கண்ணும் சேர்ந்தால் பக்கவாட்டில் ஏறக்குறைய 200 பாகை பார்க்கலாம். இதில் 40 பாகைதான். அதனால் விமானி தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தூரக் கணிப்பும் தடுமாறும். மின்கோபுரம் தெரியும், அதிலிருந்து போகும் கம்பி பெரும்பாலும் தெரியாது.

ஆனாலும் கோம்பாக்கைத் தாண்டி தித்திவங்சா மலைப்பக்கம் போனால், வெறுங்கண்ணுக்குக் கன்னங்கரேல் என்றிருக்கும் இடத்தில் மலை முகடு தெரிவது எவ்வளவு பெரிய விஷயம்! சுவிட்சர்லாந்தின் ரேகா மீட்புச் சேவை 1987லேயே இதைப் பயன்படுத்தத் தொடங்கியதும் மலைநாட்டில் ஆட்களைக் காப்பாற்றத்தான்.

எனக்கு மறக்க முடியாதது வேறொன்று. ஓர் இரவு சோதனை முடிந்து, கண்ணாடியோடு வெளியே வந்து நின்றேன். தூரத்தில் ஒரு கட்டுமானக் கிரேன். அதன் உச்சியில் சிவப்பு விளக்கு எரிவதைக் கொஞ்சம் முன்புதான் பார்த்திருந்தேன். கண்ணாடியில் அது இல்லை. மங்கலாகக்கூட இல்லை. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

பக்கத்தில் நின்ற மூத்த விமானி, "கண்ணாடிய கொஞ்சம் தூக்கிட்டுப் பாரு தம்பி" என்றார். பார்த்தேன், விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அப்போ மேல பறக்கும்போது என்னண்ணே செய்வீங்க?"

"கண்ணாடிக்கு அடியில வெறுங்கண்ணாலயும் பார்த்துக்கிட்டேதான் இருக்கணும். அதை விட்டா வேற வழியில்ல."

காரணம் இதுதான். விமானியறையின் நீலப் பச்சை வெளிச்சம் கண்ணாடிக்குள் புகுந்து படத்தைக் கெடுக்காதிருக்க ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். பரவலாக உள்ள ஒரு வகை, அலைநீளம் சுமார் 665 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைத் தடுத்துவிடும். பழைய இழைபல்பு, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஆனால் இந்தக் கண்ணாடிக்குத் தெரிகிற அகச்சிவப்பை அள்ளி வீசும், அதனால் நன்றாகத் தெரிந்தது. எல்.இ.டி. அப்படியில்லை. அதன் சிவப்பு பெரும்பாலும் 630 நானோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய பட்டை, அகச்சிவப்பு கிடையாது. விமானியறைக்காக நாங்கள் வைத்த அதே தடுப்பு, வெளியே இருக்கிற ஆபத்தையும் மறைத்துவிடுகிறது. அமெரிக்க விமானத்துறை 2009லேயே இதைப் பற்றி எச்சரித்தது.

கோலாலம்பூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிரேன் நிற்கிறது. அகச்சிவப்பு எல்.இ.டி.யும் சேர்த்துச் செய்த எச்சரிக்கை விளக்குகள் சந்தையில் கிடைக்கின்றன. கட்டுமானத் துறையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை வாங்கும்போது தயவுசெய்து அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.