கரோல் ஷா வரைந்த ஆறு

கேள்வி: முதல் பெண் வீடியோ கேம் நிரலாளர் என்று அமெரிக்காவின் கரோல் ஷாவைக் கொண்டாடுகிறார்கள். ஒருசில ஆண்டுகளிலேயே அந்தத் துறையை விட்டுப் போனவருக்கு, பெண் என்பதைத் தவிர வேறென்ன பெருமை?

பதில்: 'முதல் பெண்' என்ற பட்டத்தை முதலில் கழற்றி வைத்துவிடுவோம். ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஸ்டூடியோ 2 என்ற வீட்டு ஆட்டக் கருவிக்கு ஜாய்ஸ் வைஸ்பெக்கர் என்ற பெண் 1976இலேயே ஆட்டங்கள் எழுதிவிட்டதால், அது ஷாவுக்கு உரியதும் அன்று. அவருக்கு உரியது, 1982இல் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக எழுதிய, ஆற்றின் மேல் போர் விமானத்தை ஓட்டிச் செல்லும் 'ரிவர் ரெய்டு' ஆட்டம்.

அந்த ஆட்டம் ஓடிய அட்டாரி 2600 என்ற வீட்டு ஆட்டக் கருவியின் நினைவகம் 128 பைட் மட்டுமே. இன்றைய கணினிகளில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் செலவாவதால், இந்த வாக்கியத்தைக்கூட அதில் முழுமையாக வைக்க முடியாது. திரை முழுவதற்குமான படத்தைத் தேக்கி வைக்க வழியில்லாத நிலையில், தொலைக்காட்சியின் ஒவ்வொரு கோட்டையும் அது வரையப்படும் கணத்திலேயே நிரல் அமைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கோட்டுக்குச் செயலிக்குக் கிடைப்பவை 76 துடிப்புகள், அதாவது அதன் வேலையை அளக்கும் மிகச் சிறு காலக்கூறுகள். ஆட்டத்தின் நிரலைத் தாங்கி, கருவியில் செருகப்படும் கார்ட்ரிட்ஜின் கொள்ளளவோ 4 கிலோபைட். விமானம் பறந்துகொண்டே இருக்கும் நெடிய ஆற்றை அதற்குள் அடைக்க இயலாது என்பதால், ஷா ஆற்றைச் சேமிக்கவே இல்லை. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பிறப்பிக்கும் சிறு கணக்கை எழுதி, அவ்வெண்களைக் கொண்டே கரைகளையும் தீவுகளையும் எதிரிக் கப்பல்களையும் அமைத்தார். தொடக்க எண் மாறாதது. ஆகவே எந்த வீட்டில் ஆடினாலும் அதே வளைவுகள் அதே வரிசையில் வந்தன, ஆடுபவருக்கு அந்த ஆறு பழகிப்போனது. பாதித் திரைக்கான வடிவத்தையே ஏற்கும் கருவி அது என்பதால், ஒரு கரையின் கண்ணாடிப் பிம்பமாக மறுகரையை அமைத்துவிட்டார். இத்தகைய வேலைத்திறனை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலும் கணினி அறிவியலும் படித்துவிட்டு 1978இல் அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்த அவரைப் பார்த்து, இனி நிறப்பொருத்தம் பார்க்க ஒரு பெண் கிடைத்துவிட்டார் என்ற பொருளில் நிறுவனத் தலைவரே பேசினாராம்; ஷாவே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். உங்கள் கேள்வியும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

துறையை விட்டுப் போனதைக் குறையாகச் சொல்கிறீர்கள். 1984இல் அவர் திரும்பிச் சென்றது, அட்டாரிக்கும் ஆக்டிவிஷனுக்கும் இடையில் பணியாற்றியிருந்த டேண்டம் கணினி நிறுவனத்துக்கே. 1990இல் முன்கூட்டியே ஓய்வு பெற முடிந்ததற்கு 'ரிவர் ரெய்டு' பெற்ற வெற்றி முக்கியக் காரணம் என்று அவரே கூறியிருக்கிறார். தம்மிடம் இருந்த நிரல்களையும் வடிவமைப்புத் தாள்களையும் 2017இல் ராச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.