பழைய பாய்மரக் கப்பலின் மாதிரியை நுணுக்கமாகச் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார். துண்டுகள் தயாராக வெட்டி வரும் வெளிநாட்டு கிட் வாங்கும் வசதி இல்லை, முதல் மாதிரியே நுணுக்கமாக வர வேண்டும், எந்தக் கப்பலை எடுப்பது என்று தெரியவில்லை. நெடுநாளாக இந்த வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் என் பதில்: மரத்தைத் தொடுவதற்கு முன்னால் வருடத்தை முடிவு செய்யுங்கள். ஒரு போர்க்கப்பல் சில பத்தாண்டுகள் கடலில் இருந்தால் அதன் பீரங்கிகள் மாறும், கயிறுகள் மாறும், சில சமயம் பின்புறமே மாறிவிடும். எந்த வருடத்துக் கப்பல் என்று தீர்மானித்த பிறகுதான் எதைச் செய்வது, எதை விடுவது என்று சொல்ல முடியும்.

நான் சிபாரிசு செய்யும் கப்பல் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். 1782இல் திருகோணமலைக்கு அருகே பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் மோதிய போரின் நினைவாக வைத்த பெயர். கட்டியது பம்பாயில், ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. பிரிட்டனில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் முழுக்கத் தேக்கில் கட்டினார்கள். வரைபடங்களை முதலில் எச்.எம்.எஸ். ஜாவா என்ற கப்பலில் அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிட்யூஷன் என்ற போர்க்கப்பல் அந்தக் கப்பலைப் பிடித்து அழித்தது, வரைபடங்களும் போயின. மறுபடி பிரதி எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. 1816இல் ஏரா மரம், அதாவது அடிமரம், போட்டார்கள், 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கினார்கள். இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் 1845 வரை சும்மாவே நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகு பின்புறத்தை மாற்றி, பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து, வேறு வகைக் கப்பலாகவே ஆக்கினார்கள். இன்று இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதந்துகொண்டிருக்கிறது. நேரில் போய்ப் பார்க்கலாம். எனக்கு இதைவிடப் பிரியமான கப்பல் இல்லை.

வருடம் ஏன் முக்கியம் என்று இந்தக் கப்பலே காட்டிவிடும். 1817இன் வரைபடத்தையும் இன்றைய ஹார்ட்லிபூல் புகைப்படங்களையும் சேர்த்து வைத்து வேலை செய்தால் முன்பக்கம் ஒரு காலம், பின்பக்கம் ஒரு காலம் என்று ஆகிவிடும். அப்படிச் செய்த மாதிரிகளை நிறையப் பார்க்கிறேன். ஒவ்வொரு துண்டும் அருமையாக இருக்கும், ஆனால் அப்படி ஒரு கப்பல் எந்த நாளிலும் மிதந்ததில்லை.

சரி, அளவு. அக்காலக் கடற்படை வரைபடங்கள் 1:48இல், அதாவது அசலில் 48இல் ஒரு பங்காக, வரையப்பட்டவை. அவற்றின் பிரதிகள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் விலைக்குக் கிடைக்கும். கிட்டோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. டிரிங்கோமலியின் பீரங்கித் தளம் ஏறக்குறைய 45.8 மீட்டர், 1:48இல் அதுவே 95 சென்டிமீட்டர். முன்னால் நீளும் சாய்மரத்தையும் சேர்த்தால் சாதாரண வீட்டு மேசை தாங்காது. 1:64 நல்ல நடுவழி. பீரங்கித் தளம் 72 சென்டிமீட்டருக்குள் அடங்கும், வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் 75 சதவீதமாகக் குறைத்தால் போதும். குறைத்த தாளில் உள்ள அளவுகோலை ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். ஜெராக்ஸ் இயந்திரம் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே மாதிரி குறைப்பதில்லை.

மரத்துக்கு அலைய வேண்டாம். அசல் கப்பல் தேக்கு என்பதற்காக மாதிரிக்கும் தேக்கு எடுக்காதீர்கள். அதன் ரேகை பெரிது, 1:64இல் ஒரு பலகையில் தெரியும் ரேகை அசலில் கையகலப் பள்ளம் மாதிரி ஆகிவிடும். நான் எடுப்பது வெட்பாலை. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தின் மரப் பொம்மைகள் செய்வது அதில்தான். வெள்ளையாக, ரேகையே தெரியாத அளவு நெருக்கமாக இருக்கும், பிளேடு சீராகப் போகும். மஞ்சக்கடம்பும் நல்லது, கொஞ்சம் மஞ்சள் நிறம் தரும். மற்றபடி ஒரு நல்ல சீவுளி, சின்ன அரங்கள், உப்புத்தாள், ஃபெவிகால் போதும். மின்சாரக் கருவி எதுவும் கட்டாயமில்லை.

உடல் பகுதியில் கண் முதலில் போகிற இடம் அணியம், அதாவது முன்பகுதி. கப்பலின் நடுவில் வங்கின் (விலா எலும்பு போல வளைந்த சட்டத்தின்) சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. ஒரே அகலப் பலகையை அங்கிருந்து இங்கே வளைத்து ஒட்டினால் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு காகித நாடாவை வங்கின்மேல் சுற்றி நீளத்தைக் குறியுங்கள். பலகைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். அணியத்து வங்கிலும் அதையே செய்யுங்கள். இப்போது ஒவ்வொரு பலகையும் எங்கே எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும். அகலம் பாதிக்கும் கீழே போகிறது என்றால் அந்த வரிசையில் ஒரு பலகையை நிறுத்திவிட்டு, பக்கத்துப் பலகையை அகலமாக வெட்டிப் பொருத்த வேண்டும். ஊசி முனையாகச் சீவி ஒட்டக் கூடாது. அசல் தச்சர் அப்படிச் செய்யவே மாட்டார், கூர்முனையில் ஆணி நிற்காது, நீர் புகாமல் பலகை இடுக்கில் அடைக்கும் கலப்பற்றும் தங்காது. தளத்துப் பலகை இடுக்கின் கரிய கோட்டுக்கு, பலகையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஒட்டினால் போதும்.

கப்பலின் அடிப்பகுதியில் பதிக்கும் செப்புத் தகடு பற்றி ஒரு வார்த்தை. அசலில் ஒரு தகடு 4 அடிக்கு 14 அங்குலம், 1:64இல் 19 மில்லிமீட்டருக்கு 5.6. ஆணித் தலைகள் இந்த அளவில் கண்ணுக்கே தெரியாது. புடைத்த ஆணிகளோடு கடையில் விற்கும் தகடுகளை வாங்காதீர்கள். வெறும் தகட்டை ஒட்டிவிட்டு அதன் போக்கில் கறுக்க விடுங்கள்.

அப்புறம் கயிறு. உண்மையில் மாதிரி பிழைப்பதும் கெடுவதும் இங்கேதான். பழைய அட்டவணைகளில் '6 அங்குலக் கயிறு' என்று இருந்தால் அது சுற்றளவு, விட்டம் அல்ல. 6 அங்குலம் 152 மில்லிமீட்டர், அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 48.5. அதை 64ஆல் வகுத்தால் 0.76 மில்லிமீட்டர். 6 அங்குலத்தையே விட்டம் என்று எடுத்தால் 2.4 மில்லிமீட்டர் வரும், பாய்மரம் முழுக்க வடம் கட்டினது போல ஆகிவிடும். பாய்மரத்தில் ஏறுவதற்குக் குறுக்கே கட்டும் ஏணிக் கயிறு ஒன்றரை அங்குலம் என்றால் 0.19 மில்லிமீட்டர். அதாவது மெல்லிய தையல் நூல். இரண்டு ஏணிக் கயிறுகளுக்கு இடையே அசலில் 13 அங்குலம் என்றால் மாதிரியில் 5.2 மில்லிமீட்டர். பின்னால் கோடு போட்ட அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு முடிச்சுப் போடுங்கள். முடிச்சை இறுக்கும்போது பக்கத்துக் கயிறு உள்ளே இழுபடுகிறதா என்று ஒவ்வொரு வரிசையிலும் பாருங்கள்.

பருத்தி நூலில் மயிர் மயிராக எழும், தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்தால் படியும். பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகள் தார் பூசியவை, அவை கருமை. பாயையும் பருமலையும் (பாயைத் தாங்கும் குறுக்கு மரத்தையும்) இயக்கும் கயிறுகள் சணல் நிறம். முடிச்சுக்கு ஃபெவிக்விக் வேண்டாம், வெள்ளை பூத்து நூல் மொரமொரப்பாகிவிடும். தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு ஊசி முனை போதும். தளத்தில் சுருட்டித் தொங்கவிடும் கயிறுகளுக்கும் இதே கலவைதான். நூலுக்குக் கனமில்லாததால் சுருள் விறைத்துக்கொண்டு நிற்கும். ஈரமாக இருக்கும்போதே விரலால் கீழ்நோக்கி அழுத்தி உலரவிட்டால் கனமுள்ள கயிறாகத் தொங்கும்.

நீங்கள் 1817ஐ எடுக்கிறீர்களா, 1845க்குப் பிந்தையதையா என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். 1817 என்றால் பீரங்கித் தளத்துக்கு 18 பவுண்டு பீரங்கிகள் 28 வேண்டும். 8 அடி நீளப் பீரங்கி 1:64இல் 38 மில்லிமீட்டர். அவற்றைக் கடைசல் பிடிக்காமல் அச்சில் வார்க்கும் முறையைத் தனியாக விளக்குகிறேன்.