முகாமுக்கு அழைத்தால் கல்லூரிக்கு அழைத்ததாகுமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில், டாலஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகன் பதினோராம் வகுப்பு. பள்ளி பேஸ்பால் அணியில், மைதானத்தின் பின்பகுதியில் நடுவே நின்று பந்து பிடிக்கும் சென்டர் ஃபீல்டர். வலக்கையால் எறிவான், இடக்கையால் அடிப்பான். சென்ற பருவத்தில் அவனுடைய பேட்டிங் சராசரி .412. பல கல்லூரிகளிலிருந்து ‘எங்கள் பேஸ்பால் முகாமுக்கு வா’ என்று வாரந்தவறாமல் மின்னஞ்சல் வருகிறது. ‘கல்லூரிகள் இவனைக் கவனித்துவிட்டன, ஸ்காலர்ஷிப் உறுதி’ என்கிறார் கணவர். கோடையில் முகாம்களுக்கும், பயிற்சியாளர்கள் முன் திறமையைக் காட்டும் ஷோகேஸ்களுக்கும் சில ஆயிரம் டாலர் செலவழிக்கப் போகிறாராம். பயிற்சிக்கு நேரம் வேண்டும், அடுத்த ஆண்டு கால்குலஸ் எடுக்கவில்லை என்கிறான் மகன். எனக்கு இந்த ஆட்டமே புரியாது. ஆட்டக்காரர்களைத் தேடி வரும் ஸ்கவுட் என்பவர் எதைத்தான் பார்க்கிறார்?
— பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த மின்னஞ்சல்களை உங்கள் கணவர் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார். முகாம் என்பது கல்லூரி அணிகளுக்கு ஒரு வருமானம். எங்கோ ஒரு பட்டியலில் முகவரி இருந்தால் போதும், அழைப்பு வந்துவிடும். கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் உச்சமான முதல் டிவிஷனின் பயிற்சியாளர்கள் பதினோராம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்ட் 1 முதல் மாணவனை நேரடியாகத் தொடர்புகொள்ளலாம் என்பது 2023இல் வந்த விதி. முகாம் விளம்பரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. தம்பிக்கு அந்தத் தேதி கடந்துவிட்டது. இனி உண்மையிலேயே விரும்புகிறவர் தன் கைபேசியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அடுத்த ஆட்டம் எங்கே என்று விசாரிப்பார். மதிப்பெண் பட்டியல் கேட்பார். அப்படி எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

.412, அதாவது பத்து வாய்ப்பில் நான்கு முறைக்குச் சற்று மேல் அடித்து பேஸை எட்டியது, நல்ல எண்தான், ஆனால் ஸ்கவுட் அதைக் காதில் போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்: யார் வீசிய பந்தில்? மணிக்கு 75 மைல் வேகத்தில் வீசும் பிள்ளைகளை அடித்துச் சேர்த்த சராசரியும் 90 மைலை எதிர்கொண்டு சேர்த்த சராசரியும் தாளில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே அவர் எண்ணை விட்டுவிட்டு உடம்பைப் பார்க்கிறார். அடிக்கும் திறன், அடியின் பலம், ஓடும் வேகம், எறியும் கை, பந்தைப் பிடிக்கும் லாவகம் ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே மதிப்பெண். தொழில்முறை ஸ்கவுட்டுகள் போடுவது 20 முதல் 80 வரை; 50 என்றால் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் ஆட்டக்காரருடைய சராசரித் தரம்.

மைதானத்தின் பின்பகுதியில் நிற்கும் அவுட்ஃபீல்டரை மதிப்பிடுவதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பள்ளி ஆட்டம் ஏழு இன்னிங்ஸ்தான். சென்டர் ஃபீல்டர் இருக்கும் பக்கம் ஒரு பந்துகூட வராமலே ஆட்டம் முடிந்துவிடலாம். இருநூறு மைல் கார் ஓட்டி வந்தவர் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? அதனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுவார். அணிகள் பந்து பிடித்து எறிந்து பழகும் பத்து நிமிடத்தில்தான் அவருக்கு வேண்டியது கிடைக்கும். மட்டையில் பந்து பட்டவுடன் பையனின் முதல் அடி எந்தப் பக்கம் போகிறது? தலைக்கு மேலே போகும் பந்துக்குத் திரும்பி ஓடுகிறானா, பின்னுக்கு நடந்து தடுமாறுகிறானா? எறியும்போது பந்து, இடையில் நின்று வாங்கிக் கடத்தும் கட்-ஆஃப் ஆட்டக்காரரின் மார்பு உயரத்தில் நேராகப் போகிறதா, வளைந்து வானத்துக்குப் போகிறதா? மேஜர் லீக்கில் இன்று கேமராக்களை வைத்து முதல் மூன்று விநாடிகளை இரண்டாகப் பிரித்து, அவுட்ஃபீல்டர் எத்தனை அடி தூரம் கடந்தார் என்று அளக்கிறார்கள். பள்ளி மைதானத்தில் ஸ்கவுட்டின் கண்தான் கேமரா.

ஆட்டம் தொடங்கிய பிறகும் பந்து வராத நேரத்தில்தான் அவர் பார்வை சென்டர் ஃபீல்டில் இருக்கும். பேஸ் என்பது ஓடித் தொட வேண்டிய இடம். முதல் பேஸிலிருக்கும் எதிரணி ஆட்டக்காரர், அடி விழுமுன்பே இரண்டாம் பேஸுக்கு ஓடுகிறார் (திருடுவது என்பார்கள்), அடிப்பவருக்குப் பின்னாலிருக்கும் கேட்சர் பந்தை அங்கே எறிகிறார். எறிந்த பந்து குறி தவறினால் தடுக்க, சென்டர் ஃபீல்டர் முன்னால் ஓடி வர வேண்டும். பத்தில் ஒன்பது முறை அந்த ஓட்டம் வீண்தான். பத்தாவது முறைக்காக ஒன்பது முறையும் ஓடுகிறானா என்பதுதான் கேள்வி. (வேலிக்கு வெளியிலிருந்து அப்பா கத்திச் சொல்லிக் கொடுப்பதும் ஸ்கவுட் காதில் விழும். இதைக் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.)

மற்றபடி ஸ்டாப்வாட்ச் பேசும். 60 கெஜ ஓட்டத்தை ஏழு விநாடிக்கு மேல் ஓடும் சென்டர் ஃபீல்டரைப் பெரிய கல்லூரிகள் அநேகமாகத் தள்ளிவைத்துவிடும், 6.8க்குள் ஓடினால் நிமிர்ந்து உட்காருவார்கள். அவுட்ஃபீல்டிலிருந்து எறியும் வேகம் 85 மைலாவது இருப்பதும், மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம் 90 மைலைத் தாண்டுவதும் நல்லது. தம்பி இடக்கையால் அடிப்பவன் என்பது ஒரு வரவு: வலக்கையால் அடிப்பவரைவிட முதல் பேஸுக்கு ஓரிரு அடி கிட்ட நிற்கிறான். அடித்துவிட்டு முதல் பேஸை 4.2 விநாடியில் தொட்டால் அது மேஜர் லீக்கின் இடக்கைக்காரர்களுடைய சராசரிக் கணக்கு.

இந்த எண்கள் தெரியாமல் ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம். உங்கள் பகுதியில் நடக்கும் ஒரே ஒரு ஷோகேஸுக்கு அனுப்புங்கள். அளந்து கொடுப்பார்கள். அதன் பிறகு, தம்பியைப் புகழ்வதில் எந்த லாபமும் இல்லாத ஒரு பயிற்சியாளரிடம், எதிரணிக் கோச்சாக இருந்தால் இன்னும் நல்லது, ‘இவன் எந்தத் தரக் கல்லூரியில் ஆடுவான்?’ என்று கேளுங்கள்.

ஸ்காலர்ஷிப் விஷயம். 2024-25 வரை முதல் டிவிஷன் அணி ஒன்றுக்கு மொத்தமே 11.7 முழு உதவித்தொகை. அதைத்தான் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. பதிலுக்கு அணியில் 34 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பணம் கூடலாம், இடம் குறைந்துவிட்டது. போதாக்குறைக்கு, மாணவர்கள் இப்போது கல்லூரிவிட்டுக் கல்லூரி சுலபமாக மாறுகிறார்கள். பதினெட்டு வயதுப் பையனை வளர்த்தெடுப்பதைவிட, இன்னொரு கல்லூரியில் மூன்றாண்டு ஆடிய இருபத்தொரு வயது அவுட்ஃபீல்டரைக் கூட்டி வருவது பயிற்சியாளருக்கு வசதி. ‘உறுதி’ என்ற சொல்லை உங்கள் வீட்டில் கொஞ்ச நாள் யாரும் உச்சரிக்காமல் இருப்பது நல்லது.

அதற்காகக் கதவு மூடிவிட்டதாக நினைக்காதீர்கள். மேஜர் லீக்கில் ஆடிய கெவின் கீர்மையர் இண்டியானாவில் பள்ளி முடித்துவிட்டு இலினாயில் பார்க்லண்ட் என்ற இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போனவர். மேஜர் லீக் அணிகள் புதியவர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2010இல் 31ஆம் சுற்றில், 941ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். சென்டர் ஃபீல்டில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு கிளவ் விருதை நான்கு முறை வாங்கினார். (இப்போது டிராஃப்டே 20 சுற்றுதான்; அவர் காலத்து 31ஆம் சுற்று இன்றில்லை.) டெக்சாஸில் இரண்டாண்டுக் கல்லூரிகளின் பேஸ்பால் பலமானது. வேகோவிலுள்ள மெக்லென்னன் 2021இல் தேசியப் பட்டம் வென்றது.

இன்னொரு வழி மூன்றாம் டிவிஷன். நம் பெற்றோர் பலர் இதன் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கிறார்கள். எம்.ஐ.டி., ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி எல்லாம் பேஸ்பாலில் மூன்றாம் டிவிஷன்தான். சான் அன்டோனியோவின் டிரினிட்டி பல்கலைக்கழகம் 2016இல் அந்த டிவிஷன் சாம்பியன். இங்கே விளையாட்டு உதவித்தொகை கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்தோ, பல இடங்களில் மதிப்பெண்ணைப் பார்த்தோ வேறு உதவி கிடைக்கும்.

இப்போது கால்குலஸ் கேள்விக்கு விடை தெரிந்திருக்கும். முதல் டிவிஷனில் ஆடத் தகுதி பெற 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் 2.3 ஜி.பி.ஏ.வும் (மதிப்பெண் சராசரி) போதும் என்று தம்பி வாதாடுவான். அது வாசலைத் தாண்டும் அளவு மட்டுமே. நான் சொன்ன மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளில் கால்குலஸ் இல்லாத விண்ணப்பத்தை முன்னுக்குத் தள்ளுவது பயிற்சியாளருக்கும் கடினம். எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு இருபது கல்லூரிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் துணைப் பயிற்சியாளருக்கும் மின்னஞ்சல் போகட்டும். தம்பியே எழுத வேண்டும், அப்பா எழுதினால் வரி நடையிலேயே தெரிந்துவிடும். உயரம், எடை, 60 கெஜ நேரம், எறியும் வேகம், ஜி.பி.ஏ., கோடை அணியின் ஆட்ட அட்டவணை, கோச்சின் தொலைபேசி எண், மூன்று நிமிட வீடியோ, இவ்வளவு போதும். வீடியோவில் ரைட் ஃபீல்டிலிருந்து (சென்டர் ஃபீல்டருக்கும் அங்கிருந்து எறிந்து காட்டுவதே வழக்கம்) மூன்றாம் பேஸுக்கும், அடிப்பவர் நிற்கும் ஹோமுக்கும் எறிவதை வெட்டாமல் காட்டவும். பின்னணி இசை வேண்டாம். எப்படியும் கணவருக்குச் சும்மா இருக்க முடியாது, கேமராவை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.